கட்டரை அகலமாக்கினால் வழிவது நிற்குமா?

அடையாற்றில் வசிக்கும் 58 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் வெளியே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

மாமனார் 1981-ல் கட்டிய மாடி வீடு. மொட்டை மாடித் தளம் ஒழுகுகிறது என்று 2019-ல் மேலே ஷீட் கூரை போட்டார்கள். நடுவில் உயர்ந்து வடக்கிலும் தெற்கிலும் சரிகிற கூரை, மொத்தம் 1,200 சதுர அடி. இரண்டு பக்கமும் 40 அடி நீளத்துக்கு ஜிஐ (துத்தநாகம் பூசிய) தகரத்தில், கூரைத் தண்ணீரை ஏந்திக் குழாய்க்குக் கொண்டு போகும் 6 அங்குலக் கட்டர். ஒவ்வொரு கட்டருக்கும் கிழக்குக் கோடியில் ஒரே ஒரு 3 அங்குலக் குழாய். வாசலில் மாநகராட்சியின் தூங்குமூஞ்சி மரம், வடக்கு வீட்டுக்காரர் தோட்டத்தில் பெரிய பெருங்கொன்றை.

ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் வடக்குக் கட்டர் வழிந்து சுவரோடு இறங்குகிறது. அந்தப் பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறி பெயின்ட் உரிகிறது. மிச்சத் தண்ணீர் பக்கத்து வீட்டில் தெறிக்கிறது. மழை விட்டு நாலு நாள் ஆனாலும் கட்டரின் நடுவில் தண்ணீர் நிற்கிறது, அதில் புழு நெளிகிறது. வருடா வருடம் தீபாவளி முடிந்ததும் ஆள் வைத்துச் சுத்தம் செய்கிறார்கள். இடையில் அடைத்துக்கொண்டால் 66 வயதுக் கணவர் மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்று கையால் வாரிப் போடுகிறார்.

ஷீட் வேலை செய்பவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இரண்டையும் கழற்றி 10 அங்குல அகலத்தில் புதிதாகப் போடச் சொல்லியிருக்கிறார். அது சரியா, ஆன்லைனில் விற்கும் வலை மூடி போட்டால் போதுமா, குழாயைக் கொல்லைப்புறச் சாக்கடைத் தொட்டியில் இணைத்துவிடலாமா, பக்கத்து வீட்டு மரக்கிளையை வெட்டலாமா, 2019-ல் கூரை போட்டவர்மேல் வழக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறார். “நாற்பது வருஷமா தண்ணி இந்தப் பக்கம்தான் விழுது, பக்கத்து வீட்டுக்காரர் ஒண்ணும் செய்ய முடியாது” என்கிறாராம் கணவர். கொல்லையில் மாமனார் காலத்துக் கிணறு ஒன்று மூடிக் கிடக்கிறது என்று கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அன்புள்ள வாசகிக்கு,

அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் கட்டரின் அகலம் குறையே இல்லை. தண்ணீர் வெளியே போக வழிதான் போதவில்லை. 10 அங்குலத்தில் போட்டாலும் கடைசியில் அதே 3 அங்குலக் குழாயில்தான் தண்ணீர் இறங்க வேண்டும். வழிவது சில நிமிடம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். கூடவே, அகலமான தகரத்தில் இலையும் தண்ணீரும் சேர்ந்தால் எடை கூடி, இப்போதைவிட அதிகமாகத் தொய்யும்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் கூரையின் ஒரு பக்கம் 600 சதுர அடி, அதாவது சுமார் 56 சதுர மீட்டர். வடகிழக்குப் பருவமழையில் சென்னையில் மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொஞ்ச நேரம் கொட்டுவது புதிதல்ல. அந்த நேரத்தில் ஒரு கட்டருக்கு நிமிடத்துக்கு 90 லிட்டருக்கு மேல் வருகிறது, ஆறு குடத்தை வரிசையாகக் கவிழ்க்கிற மாதிரி. அந்த வேக மழைக்கு 3 அங்குலக் குழாய் ஏறத்தாழ 220 சதுர அடிக் கூரைக்குத்தான் தாங்கும். 4 அங்குலக் குழாய் 450 சதுர அடிக்குத் தாங்கும். உங்களுக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு 4 அங்குலக் குழாய் வேண்டும். இருப்பது ஒரு 3 அங்குலம், அதிலும் பாதி இலை.

வாட்டம்தான் உயிர்

நாலு நாள் தண்ணீர் நிற்கிறது என்று நீங்கள் எழுதியதே வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, கெட்டுவிட்டது என்பதற்குச் சாட்சி. பத்தடிக்கு ஒரு அங்குலம் இறக்கம் இருக்க வேண்டும். 40 அடியை ஒரே பக்கமாக இறக்கினால் 4 அங்குலம் ஆகிறது. 6 அங்குலக் கட்டரில் அது நடக்கிற காரியம் இல்லை. அதனால்தான் போட்டவர் பார்வைக்கு நேராக இருக்கட்டும் என்று மட்டமாகவே மாட்டிவிட்டுப் போயிருப்பார். பிடிக்கிற கிளாம்ப் அஞ்சு அடிக்கு ஒன்று இருந்தால் நடுவில் தொய்வதும் நிச்சயம். எண்ணிப் பாருங்கள். இரண்டு அடிக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டரை அடிக்கு ஒன்று இருக்கவேண்டும்.

நான் சொல்லும் வழி இது. கட்டரின் நடுவை மேடாக வைத்து, கிழக்கே 20 அடி, மேற்கே 20 அடி என்று இரண்டு பக்கமும் இறக்குங்கள். ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குல வாட்டம் போதும். கிழக்குக் குழாயை 4 அங்குலமாக மாற்றி, மேற்குக் கோடியில் புதிதாக ஒரு 4 அங்குலக் குழாய் இறக்குங்கள். கிளாம்ப்களைக் கூட்டுங்கள். வேலை நடக்கும்போது ஆள் கண் அளவை நம்பாமல் ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) பிடிக்கிறாரா என்று கீழே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. கட்டரின் வெளி விளிம்பு, சுவர்ப்பக்க விளிம்பைவிட அரை அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். என்றைக்காவது அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் வெளியே விழும், சுவரில் இறங்காது. உங்கள் படுக்கையறைச் சுவர் நனைவதைப் பார்த்தால் வடக்குக் கட்டர் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

தகரத்தை முழுக்க மாற்ற வேண்டுமா என்பதை ஒரு ஸ்க்ரூ டிரைவர் சொல்லிவிடும். துரு இருக்கிற இடத்தில் அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் துண்டை மாற்றுங்கள். மேலோட்டமான துருவாக இருந்தால் சுரண்டி, பிரைமர் அடித்து, பெயின்ட் பூசினால் இன்னும் சில வருடம் ஓடும். கடல் காற்று படுகிற இடம் என்பதால் வெட்டிய விளிம்பிலும் ரிவெட் ஓட்டையிலும்தான் துரு முதலில் பிடிக்கும். இணைப்புகளில் சிலிகான் அடிப்பார்கள். டியூபைத் திறந்ததும் வினிகர் மாதிரி புளித்த வாடை வந்தால் அது வேண்டாம். அந்த வகை காயும்போது வெளிவிடும் அமிலம் தகரத்தின் துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும். ‘நியூட்ரல்’ என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஈரத்தின்மேல் எதை அடித்தாலும் ஒட்டாது என்பது தெரிந்ததுதான்.

பிவிசி கட்டர் போடலாம், துருப்பிடிக்காது. ஆனால் வெயிலில் நீண்டு, குளிரில் சுருங்கும். 20 அடித் துண்டு ஒன்று பகலுக்கும் இரவுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் வரை அசையும். நகர இடம் விடாமல் இரண்டு முனையையும் பசை போட்டு இறுக்கினால் இணைப்பு விட்டுப்போகும். இதைத் தெரிந்து வேலை செய்கிற ஆள் கிடைத்தால் போடுங்கள், இல்லாவிட்டால் தகரமே மேல்.

வலை மூடியும் இலையும்

வலை மூடி மாமரம், பாதாம் மரம் இருக்கிற வீட்டுக்கு உதவும், பெரிய இலை மேலேயே நின்று காய்ந்து பறந்துவிடும். உங்களுக்கு வாய்த்தது தூங்குமூஞ்சியும் பெருங்கொன்றையும். இரண்டுக்கும் பொடிப்பொடி இலை. கண் பெரிய வலையில் நேராக உள்ளே விழும். கண் சிறிய வலையில் மேலே படிந்து, பெருங்கொன்றையின் மஞ்சள் பூவோடு சேர்ந்து ஈரத்தில் பாய் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மழைநீர் கட்டருக்குள் இறங்காமல் வலைமேலேயே ஓடிப் பக்கத்து வீட்டில் விழும். மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்வது இன்னொரு வேலை. அந்தக் காசுக்குக் குழாய் வாயில் கவிழ்த்த கிண்ண வடிவ ஜாலி (சல்லடை மூடி) ஒன்றும், குழாய் தரையைத் தொடும் இடத்தில் ஒரு டோர் டீயும் (திறக்கும் மூடி வைத்த குழாய் இணைப்பு) போட்டுக்கொள்ளுங்கள். டோர் டீயின் மூடியைத் திறந்தால் வளைவில் சேர்ந்த சகதியைக் கீழே நின்றபடியே எடுக்கலாம், யாரும் மேலே ஏற வேண்டியதில்லை.

சுத்தம் செய்யும் நேரத்தைத்தான் முக்கியமாக மாற்ற வேண்டும். தீபாவளி முடிந்து சுத்தம் செய்வது காலம் கடந்த வேலை. சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்யும் சுமார் 1,400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வந்துவிடுகிறது. பல வருடங்களில் தீபாவளிக்கு முன்பே தொடங்கியும் விடுகிறது. புரட்டாசி பிறந்ததும் ஒரு முறை, கார்த்திகையில் மழை விட்ட இடைவெளியில் ஒரு முறை, கோடைப் பூ உதிர்ந்து முடிந்ததும் ஆனியில் ஒரு முறை. புயல் அடித்து ஓய்ந்தால் கணக்கில்லாமல் ஒரு முறை.

முதலில் கையால் அள்ளி வாளியில் போட வேண்டும். பழைய எண்ணெய் கேனைச் சாய்வாக வெட்டினால் நல்ல கரண்டி கிடைக்கும். இரும்புக் கரண்டி பூச்சைச் சுரண்டிவிடும். அள்ளிய பிறகுதான் ஹோஸ் பைப். நேராகத் தண்ணீர் அடித்தால் சகதி முழுக்கக் குழாயின் வளைவில் போய் உட்காரும். அள்ளியதைச் செடிக்குப் போடலாம், நல்ல உரம். புழு விஷயத்தைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். தேங்கிய தண்ணீரில் ஒரு வாரத்தில் டெங்கு கொசு வளர்ந்துவிடும். காய்ந்த கட்டரில் ஒட்டியிருக்கும் அதன் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து அடுத்த மழையில் பொரியும். அதனால் தண்ணீரைக் கொட்டிவிடுவதோடு நிறுத்தாமல் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள்.

உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள். சார், இரண்டு மாடி உயரத்தில் ஈரக் கைப்பிடிச் சுவர்மேல் நின்று ஒரு கையால் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு குனிவதை 30 வயது ஆள் செய்தாலும் நான் திட்டுவேன். ஷீட் விளிம்பு கையை அறுக்கும், பிடி விடும். பக்கத்தில் சர்வீஸ் ஒயர் போனால் அலுமினிய ஏணி இன்னும் மோசம். இடுப்பில் பெல்ட்டும் கயிறும் கட்டி வேலை செய்கிற ஆளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். வருடத்துக்கு மூன்று முறை கூலி கொடுப்பது எலும்பு முறிவு வைத்தியத்தைவிட மலிவு.

தண்ணீர் எங்கே போக வேண்டும்

சாக்கடைத் தொட்டியில் இணைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விடுவது சென்னைக் குடிநீர் வாரியம் தடை செய்திருக்கும் காரியம். தெருவில் எல்லோரும் இப்படி இணைப்பதால்தான் பெருமழையில் மேன்ஹோல் பொங்குகிறது. உங்களுக்கே நஷ்டம் வரும், தெருக் குழாய் நிரம்பியதும் கழிவுநீர் திரும்பி உங்கள் கீழ்த்தளக் குளியலறை வழியாக வெளியே வரும்.

இப்போது அந்தக் கிணறு. 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரியும். களிமண் பாங்கான இடத்தில் வெறும் உறிஞ்சு குழி வெட்டினால் ஒரு மழையில் நிரம்பி நின்றுவிடும். கிணறு இருக்கிற வீட்டுக்கு அந்தக் கவலை குறைவு. மேற்கே புதிதாக இறக்கச் சொன்ன இரண்டு குழாய்களும் கொல்லைக்குத்தான் வருகின்றன. அங்கே மூன்றடிக்கு மூன்றடி தொட்டி கட்டி, அடியில் பெருஞ்ஜல்லி, நடுவில் சிறுஜல்லி, மேலே மணல் போட்டு, வடிந்த தண்ணீரைக் கிணற்றில் விடுங்கள். தொட்டிக்கு முன்னால் ஒரு வால்வு வைத்து, வருடத்தின் முதல் ஒன்றிரண்டு மழையை வெளியே விட்டுவிடுங்கள், கூரைத் தூசும் காக்கை எச்சமும் அதில்தான் வரும். மார்கழியில் கிணறு தரைமட்டத்துக்கு ஏறினால் மிச்சம் போகத் தெரு மழைநீர் வடிகாலுக்கு ஒரு குழாய் கட்டாயம் வேண்டும். கிழக்குக் குழாய்களையும் அதே வடிகாலுக்குக் கொண்டு போகலாம்.

பக்கத்து வீடும் மரமும்

நான் வக்கீல் இல்லை. இந்தத் தொழிலில் இருப்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அளவுக்குச் சொல்கிறேன். நம் கூரைத் தண்ணீர் அடுத்தவர் மனையில் விழாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. 20 வருடம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையாகவே விழுந்து வந்தால் 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி உரிமை கோரலாம் என்பது உண்மைதான், கணவர் அதைத்தான் கேள்விப்பட்டிருப்பார். ஆனால் 1981 வீட்டில் இருந்தது மொட்டை மாடி. ஷீட்டும் கட்டரும் 2019-ல் வந்தவை. பழைய உரிமை ஒன்று இருந்தாலும், புதிதாகக் கூரை போட்டு விழும் தண்ணீரைக் கூட்ட அது இடம் கொடுக்காது. தவிர, பக்கத்து வீட்டுக்காரர் மாநகராட்சியில் எழுதிப் போட்டால் வருகிறவர் முதலில் கேட்கப்போவது தண்ணீரைப் பற்றியா, ஷீட் கூரைக்கு அனுமதி இருக்கிறதா என்பதைப் பற்றியா? யோசித்துக்கொள்ளுங்கள். சண்டைக்குப் போகும் இடம் இது இல்லை.

உங்கள் எல்லைக்குள் நீளும் பெருங்கொன்றைக் கிளையை, அவர் மனையில் கால் வைக்காமல், எல்லைக் கோடு வரை வெட்டிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. வெட்டிய கட்டை அவருக்குச் சொந்தம். உரிமை இருக்கிறது என்பதற்காகச் சொல்லாமல் வெட்டாதீர்கள். கட்டரைச் சரிசெய்யப்போகிறேன், தண்ணீர் இனி உங்கள் பக்கம் வராது, கிளையை மட்டும் சேர்ந்து ஆள் வைத்துக் கழிக்கலாமா என்று கேளுங்கள். மறுக்கிற மனுஷர் குறைவு.

வாசல் மரம் மாநகராட்சியுடையது. அதில் நீங்கள் கை வைக்கக்கூடாது. மாநகராட்சியின் 1913 என்ற புகார் தொலைபேசி எண்ணில் சொல்லி, கூரைமேல் தாழும் கிளையைக் கழிக்கச் சொல்லுங்கள், புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். மழைக்கு முன் கேட்டால்தான் ஆள் வருவார்கள். ஏதாவது ஒரு மரம் விழுகிற நிலையில் இருந்து உரியவர் அசையவில்லை என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152-ம் பிரிவின்கீழ் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். மரத்தையே எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயலில் நகரம் இழந்த மரங்களுக்குப் பிறகு, மிச்சம் நிற்பவற்றின் நிழல் கொஞ்சம் இலை அள்ளும் கூலிக்குத் தகும் என்பது என் கட்சி.

வர்தா என்றதும் இன்னொன்று. காற்று முதலில் பிடுங்குவது ஆடுகிற கட்டர் முனையைத்தான். அது ஷீட்டின் ஓரத்தையும் சேர்த்துத் தூக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் அதற்கு முந்தைய நாளே கிளாம்ப், ஷீட் போல்ட், குழாய்ப் பட்டை எல்லாவற்றையும் ஆளை வைத்து இறுக்கிவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது போல நாள் கணக்கில் கொட்டினால் நடுவில் ஏறிச் சரிசெய்ய முடியாது. அப்போது வழிந்தால் வழியட்டும். அதற்காகத்தான் வெளி விளிம்பைத் தாழ்த்தச் சொன்னேன்.

பழைய ஆளும் புது ஆளும்

2019-ல் போட்டவர்மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடக் கெடு. அது எப்போதோ முடிந்துவிட்டது. அதில் காசும் நேரமும் போடாதீர்கள். அந்தக் கோபத்தைப் புது ஆளிடம் எழுத்தில் காட்டுங்கள். வாட்டம் எவ்வளவு, எத்தனை குழாய், என்ன அளவு, கிளாம்ப் இடைவெளி, தகரத்தின் கனம் எல்லாவற்றையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். தொகையில் ஒரு பகுதியைச் சோதனை முடியும்வரை பிடித்து வையுங்கள். சோதனை பெரிதாக ஒன்றுமில்லை. நடு மேட்டில் ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் விட வேண்டும். நிறுத்திய கொஞ்ச நேரத்தில் கட்டர் வடிந்திருக்க வேண்டும், எங்கும் குளம் நிற்கக்கூடாது, எந்த இணைப்பிலும் சொட்டக்கூடாது.

ஆளைக் கூப்பிடும் முன் ஒன்று பார்த்துவிடுங்கள். ஓதம் சுவரின் மேலே, கூரைக்குக் கீழே ஓரடியில் தொடங்குகிறதா, நடுவில் திட்டாக இருக்கிறதா? மேலே என்றால் கட்டர்தான். நடுவில் திட்டாக, கோடையிலும் ஈரமாக இருந்தால் உள்ளே போகும் தண்ணீர்க் குழாய் ஏதோ கசிகிறது. அதற்குக் கட்டரை மாற்றிப் பயனில்லை, பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

கட்டர்தான் காரணம் என்று ஆனாலும், வேலை முடிந்த கையோடு அந்த அறைக்குப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். உரிந்ததைச் சுரண்டி, வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஜன்னலைத் திறந்து விடுங்கள். இந்த மழைக்காலம் முழுக்கச் சுவர் காய்கிறதா என்று பார்த்து, பங்குனிக்குப் பிறகு பட்டி வைத்துக்கொள்ளலாம்.